பழைய ஆட்சி முறைகள் இன்றைய பொருளாதாரத்தை எவ்வாறு பாதிக்கின்றன?

ஒரு காலத்தில் எடுத்த முடிவு, அதற்கான காரணம் மறைந்த பின்னும் அடுத்த முடிவுகளின் போக்கை நிர்ணயிப்பதைப் 'பாதைச் சார்பு' என்பர். வாய்க்காலை ஒருமுறை வெட்டிவிட்டால் வயல்களும் வீடுகளும் அதையொட்டியே அமைந்துவிடுவதால், பிறகு அதைத் திருப்புவது கடினமாகிவிடுவது போன்றது இது.

இந்தியாவின் நிலவரி இதற்குத் தெளிவான சான்று. 1793இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நில உரிமையை அளித்து, அவர்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியை நிரந்தரமாக நிர்ணயித்தார். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ, ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ வலியுறுத்திய ரயத்துவாரி முறைப்படி, நிலமுடையவர் தம் பெயரில் பட்டா பெற்று அரசுக்கே நேரடியாக வரி செலுத்தினார். வரிச்சுமை இங்கும் கொடியதுதான். ஆயினும் கிணறு வெட்டினால் அதன் பலன் தமக்கே வரும் என்ற நம்பிக்கை பட்டாதாரருக்கு இருந்த அளவுக்கு ஜமீன் குடியானவருக்கு இருக்கவில்லை. விடுதலைக்குப் பின் ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டும், அது நிலவிய மாவட்டங்கள் பாசனத்திலும் விளைச்சலிலும் பின்தங்கியே இருந்ததை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

வரலாறுதான் தலையெழுத்து என்று இதைப் புரிந்துகொள்வது தவறு: மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' திட்டம் குத்தகை உழவர்களின் உரிமையைப் பதிவு செய்த பிறகு, அங்கே விளைச்சல் உயர்ந்தது.