கம்யூனிஸ்ட் நாடுகளின் அரசு இலச்சினைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது ஏன்? அவற்றை எப்படிப் படிப்பது?

ஒரே அச்சுதான், அதனால்தான் அப்படி இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1923-இல் ஏற்ற சின்னத்தில் பூமிப்பந்து, அதன்மேல் அரிவாள் சுத்தியல், கீழே உதிக்கும் சூரியன், உச்சியில் ஐம்முனைச் சிவப்பு நட்சத்திரம், இரு பக்கமும் சிவப்பு ரிப்பன் சுற்றிய கோதுமைக் கதிர். கேடயம், கிரீடம் போன்ற ஐரோப்பிய அரச குல அடையாளங்களை ஒதுக்கிவிட்டதால் கேடயத்தின் இடத்துக்கு இந்தக் கதிர்மாலை வந்தது. இதற்கு முந்தைய 1918 ரஷ்யச் சின்னத்தின் வரைவில் ஒரு வாளும் இருந்தது. லெனின் ஆட்சேபித்ததால் எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த நாடுகள் பெரும்பாலும் இந்தச் சட்டகத்தைத்தான் வாங்கிக்கொண்டன.

ஆகவே சூரியன் என்றால் விடியல், நட்சத்திரம் என்றால் கட்சி, கதிர் என்றால் விவசாயி என்று பட்டியல் போட்டால் எந்த நாட்டைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரியவராது. நட்சத்திரத்தின் ஐந்து முனைக்கு ஐந்து கண்டம், ஐந்து விரல் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு மாறுகிற இடங்களைப் பாருங்கள்: எண்ணிக்கை, பயிர், நடுவில் உள்ள படம், பழைய விலங்குகளின் தலை.

முதலில் எண்ணிக்கை. சோவியத் ரிப்பனில் "உலகத் தொழிலாளர்களே, ஒன்று சேருங்கள்" என்ற முழக்கம் குடியரசுகளின் மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். 1923-இல் ஆறு மொழிகள். அப்போது குடியரசுகள் நான்குதான், ஆனால் காகசஸ் பகுதியின் டிரான்ஸ்காகேசியக் கூட்டமைப்புக்குள் ஜார்ஜியம், ஆர்மேனியம், அஜர்பைஜானியம் என மூன்று மொழிகள் இருந்தன. 1936 அரசியலமைப்பில் குடியரசுகள் 11 ஆனதும் கதிரைச் சுற்றும் ரிப்பன் சுற்றுகளும் 11. 1940-இல் பால்டிக் நாடுகள் மூன்று, மோல்டாவியா, கரேலிய-பின்னியக் குடியரசு ஆகியவை சேர்ந்தன. ஆனால் போர் குறுக்கிட்டு, 16 சுற்றுள்ள சின்னம் 1946-இல்தான் வந்தது. 1956-இல் கரேலிய-பின்னியக் குடியரசைக் கலைத்து ரஷ்யாவோடு சேர்த்ததும் பின்னிய மொழி ரிப்பன் போய் 15 ஆனது. எழுத்துருவையும் கவனியுங்கள். அஜர்பைஜானிய வாசகம் 1923-இல் அரபு எழுத்தில் இருந்தது, 1936 வடிவத்தில் லத்தீனுக்கும் 1946-இல் ரஷ்ய எழுத்தான சிரிலிக்குக்கும் மாறியது. ஒரு மொழிக்கு இருபது சொச்சம் ஆண்டுகளில் மூன்று எழுத்து!

நாணயம் சேகரிப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். சோவியத் சில்லறைக் காசான கோபெக் நாணயத்தில் இடப்பக்கச் சுற்று, வலப்பக்கச் சுற்று, அடியில் நடுவில் உள்ள முடிச்சுச் சுற்று ஒன்று எனக் கூட்டுங்கள். 1937 முதல் 1946 வரை 5+5+1, 1948 முதல் 1956 வரை 8+7+1, 1957 முதல் 7+7+1. பலரும் அடிச் சுற்றை எண்ண மறந்து 10 என்றோ 14 என்றோ சொல்லிவிடுவார்கள். பொறித்த ஆண்டும் சுற்றின் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் அது பழைய அச்சில் அடித்த அரிய நாணயமாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். விலை பேசும் முன் உருப்பெருக்கியை எடுங்கள்.

எண்ணிக்கையைச் சின்னத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லை தவிர்க்க முடியாதது. யூகோஸ்லாவியாவுக்கும் இதே கதைதான். ஐந்து தேசிய இனங்களுக்கு ஐந்து தீப்பந்தங்கள் என்று தொடங்கி, குடியரசுகள் ஆறு என்பதால் 1963-இல் ஆறாவது பந்தம் சேர்த்தார்கள்.

பயிர் விஷயத்தில் கோதுமையோடு வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். உஸ்பெக் சின்னத்தில் பருத்தி, ஜார்ஜியாவில் திராட்சை, பெலாரஸில் ஆளிச் செடியும் தீவனப் புல்லான குளோவரும், எஸ்டோனியாவில் ஊசியிலைக் கிளை, மொசாம்பிக்கில் மக்காச்சோளமும் கரும்பும், அங்கோலாவில் காபியும் பருத்தியும். மத்தியத் திட்டம் எந்த ஊருக்கு எந்த விளைச்சலை ஒதுக்கியது என்பதைப் பல சின்னங்களில் அப்படியே வாசிக்கலாம். மேய்ச்சல் நாடான மங்கோலியாவின் 1940 சின்னத்தில் குதிரைவீரனைச் சுற்றிக் கால்நடைத் தலைகள்தான் இருந்தன. 1960-இல் அவை போய்க் கோதுமையும் பல்சக்கரமும் வந்தன. வரைகலையாக முந்தையதே உயிருள்ளது என்பேன்.

நடுப்படத்தில்தான் சங்கடங்கள் அதிகம். சோவியத் ஆர்மேனியாவின் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் மார்த்திரோஸ் சார்யன். நடுவில் அராரத் மலை. 1921 உடன்படிக்கைகளின்படி அந்த மலை துருக்கிக்குள் இருக்கிறது. துருக்கி ஆட்சேபித்ததாகவும், "உங்கள் கொடியில் பிறை இருக்கிறதே, நிலா உங்களுடையதா?" என்று சோவியத் தரப்பு திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வட கொரியச் சின்னத்தின் நடுவில் யாலு ஆற்றின் சுபுங் நீர்மின் அணை. சோசலிசத் தொழில் வளத்துக்கு அடையாளமாக நிற்கும் அந்த அணையைக் கட்டியது ஜப்பானியக் காலனி ஆட்சி.

கிழக்கு ஜெர்மனி 1955-இல் ஏற்ற சின்னத்தில் சுத்தியல், வட்டம் வரையும் கவராயம், ரை என்னும் தானியத்தின் கதிர். அரிவாள் கிடையாது, விவசாயியின் பங்கைக் கதிரே ஏற்றுக்கொண்டது. கவராயம் பொறியாளர், ஆசிரியர் போன்ற அறிவுழைப்பாளர்களுக்கு. சிவப்பு நட்சத்திரமும் இல்லை. சோவியத் அணியின் ஐரோப்பிய நாடுகளில் இது அபூர்வம். சீனத்தின் 1950 சின்னத்திலும் அரிவாள் சுத்தியல் இல்லை. தியானன்மென் வாயில், ஐந்து நட்சத்திரம், பல்சக்கரம், கோதுமையும் நெல்லும். நிறம் சிவப்பும் பொன்னும் மட்டும். நாட்டின் பெயரோ ஆண்டோ முழக்கமோ எழுதாததால் அவர்களுக்குத் திருத்தும் வேலை வரவில்லை. லாவோஸ் 1975-இல் வைத்த அரிவாள் சுத்தியலை 1991-இல் எடுத்துவிட்டு, தாட் லுவாங் புத்த ஸ்தூபியை வைத்தது. ஆளும் கட்சி மாறவில்லை.

பழைய விலங்குகளை விட மனமில்லாத நாடுகள் தலையில் கை வைத்தன. போலந்துக் கழுகு கிரீடம் இழந்தது, 1989 கடைசியில் திரும்பப் பெற்றது. செக்கோஸ்லோவாக்கியா 1960-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. சிங்கத்தின் தலைமேல் கிரீடத்துக்குப் பதில் நட்சத்திரம். அதன் மார்பில் இருந்த ஸ்லோவாக் இரட்டைச் சிலுவையை நீக்கிவிட்டு, கிரிவான் மலை முன்னால் எரியும் கெரில்லா வீரர்களின் தீ. ஸ்லோவாக்கியர்களுக்கு இது ஆறாத குறையாகவே இருந்தது, 1990-இல் சிலுவை மீண்டது.

ஹங்கேரியில் 1956-இலும் ருமேனியாவில் 1989-இலும் மக்கள் கொடியின் நடுவை வெட்டி ஓட்டையோடு ஏந்தினார்கள். மூவர்ணக் கொடி அவர்களுடைய பழைய தேசியக் கொடி. நடுவில் இருந்த இலச்சினை மட்டும் ஆட்சியோடு வந்தது. கத்தரிக்கோல் போதுமாக இருந்தது. சோவியத் கொடி போலச் செந்துணி முழுவதுமே புதிதாக இருந்தால் இப்படிச் செய்ய வழியில்லை.

கடைசியாக, தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இத்தாலியின் 1948 சின்னத்தில் நட்சத்திரம், பல்சக்கரம், இலைமாலை, சிவப்பு ரிப்பன் எல்லாம் இருக்கிறது, அது கம்யூனிஸ்ட் நாடு அல்ல. கியூபாவோ புரட்சிக்கு வெகுகாலம் முன்பே, 1906-இல் வந்த கேடயத்தை அப்படியே வைத்திருக்கிறது. அதில் சாவி, பனைமரம், உச்சியில் குடியரசுவாதிகளின் சிவப்புத் தொப்பி. அரிவாளும் இல்லை, சுத்தியலும் இல்லை.