நிலையான வேலையை விட்டுவிட்டு என்னைத் தேடிப் பயணம் போகலாமா?

பாளையங்கோட்டையில் சொந்த வீடு, மாதம் பிறந்தால் சம்பளம், குறையென்று சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்காவது போனால்தான் நான் யாரென்று தெரியும் போலிருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கர் வேலையை விட்டு வடக்கே அலைந்து திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். போகலாம். ஆனால் அதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

திருக்கோளூரிலிருந்து கிளம்பிய இரண்டு பேரைப் பற்றி வைணவ மரபில் கதைகள் உண்டு. ஒருவர் மதுரகவியாழ்வார். அவ்வூர்க்காரர்தான், வடநாட்டு யாத்திரை போய் அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதையே பின்பற்றி வந்து ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் நம்மாழ்வாரைக் கண்டடைந்தார் என்பார்கள். திருக்கோளூரிலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு நடந்தே போய்விடலாம். 'பார்த்தாயா, தேடியது பக்கத்திலேயே இருந்தது, எதற்கு அலைய வேண்டும்?' என்று இந்தக் கதையைக் காட்டி நம்மைத் தடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு பிடிப்பதில்லை. மனிதர் ஊரிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த ஒளி அவர் கண்ணில் பட்டிருக்குமா?

இன்னொருவர் பெயர் தெரியாத ஒரு பெண். இராமானுசர் திருக்கோளூருக்குள் நுழையும்போது அவள் மூட்டையோடு வெளியே வருகிறாள். எல்லோரும் வந்து சேர விரும்பும் ஊரை விட்டு ஏன் போகிறாய் என்று கேட்கிறார். அடியார்கள் செய்த அரிய செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களைப் போல நான் எதைச் செய்தேன் என்று 81 முறை கேட்டுவிட்டு, முயல் புழுக்கை வரப்பில் கிடந்தால் என்ன, வயலில் கிடந்தால் என்ன என்கிறாள். அவர் அவளைத் திரும்ப அழைத்துப் போய் அவள் வீட்டிலேயே உண்டதாகக் கதை முடிகிறது.

இந்த இருவரில் நீங்கள் யார்? எதையோ பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கிளம்புகிறீர்களா, இங்கே எதற்கும் உதவாதவன் ஆகிவிட்டேன் என்ற சலிப்பில் கிளம்புகிறீர்களா? இரண்டாவது என்றால் டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது வேறு ஊர் அல்ல. 81 குறையையும் குறுக்கே பேசாமல் கேட்க ஒரு ஆள். நண்பரோ மனநல மருத்துவரோ, முதலில் அப்படி ஒருவரைப் பிடியுங்கள்.

முதல் வகை என்றால், என் அனுபவம் இது. நம் பக்கத்தில் "அண்ணாச்சிக்கு எந்த ஊர்? யார் மகன்?" என்ற இரண்டே கேள்வியில் தெரு, சாதி, தாத்தா விற்ற வயல், அக்காளைக் கட்டிக்கொடுத்த இடம்வரை வெளியே வந்துவிடும். காசியில் யாரும் கேட்கவில்லை. பாரம் இறங்கியது உண்மை. ஆனால் பாரம் இறங்குவது வேறு, விடை கிடைப்பது வேறு. ஊர் மாறிக்கொண்டே இருந்தவரை நான் எல்லோருக்கும் நல்லவனாகவே இருந்தேன். யாரோடும் சண்டை போட நேரமில்லையே! ஹரித்துவாரில் ஒரு மடத்தின் சமையற்கட்டில் காய்கறி நறுக்க உட்கார்ந்து, அங்கேயே சில மாதங்கள் தங்கிய பிறகுதான் நான் வெளிப்பட்டேன். அலுவலகத்தில் மேலாளரைக் குறை சொன்ன அதே வாய் அங்கே தலைமைச் சமையல்காரரைக் குறை சொன்னது. அதே சொற்கள்கூட, மொழிதான் அரைகுறை இந்தி. ஆகவே பத்து இடம் பார்ப்பதைவிட ஓரிடத்தில் உங்கள் பெயர் அங்குள்ளவர்களுக்குப் பழகும்வரை இருங்கள்.

ராஜினாமா கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். தாமிரபரணிக் கரையோரமாகப் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை நடந்து பாருங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம் என்று வழி நெடுக ஊர்கள் இருப்பதால் சோற்றுக்கும் படுக்கைக்கும் திண்டாட்டம் இல்லை. ஆறே மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். ஒரு வார விடுமுறை போதும். மழைக்காலத்தில் வேண்டாம், வெள்ளம் வரும். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். நினைத்தபடி நடக்க வனத்துறை விடாது. மூன்றாம் நாள் கால் கொப்பளித்து, பேச்சுத்துணை இல்லாமல், செல்பேசியை எடுக்காமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முக்கூடலிலேயே பஸ் ஏறத் தோன்றினால் உங்களுக்கு வேண்டியது நல்ல ஓய்வுதான். ஊதியமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வேலையை விட்டதும் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக அத்தோடு நின்றுவிடும். அதில் அப்பா அம்மா பெயரும் இருந்தால், அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எடுத்த உடனே எல்லா நோய்க்கும் பணம் கிடைக்காது, பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் அந்த வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.