பத்து ரூபாய் நோட்டுக்கு ஆயுள் எவ்வளவு?

கே: என் கல்லாவுக்குப் பத்து ரூபாய் நோட்டு கந்தலாகத்தான் வருகிறது. ஐந்நூறு ரூபாய் மொடமொடவென்று இருக்கிறது. சின்ன நோட்டுக்கு மட்டமான தாளா?
(மளிகைக் கடைக்காரர், கரூர்)

ப: இரண்டுக்குமே பருத்தித் தாள்தான், மரக்கூழ் இல்லை. ஐந்நூறு ரூபாய் பாதி நாள் பீரோவிலும் ஏ.டி.எம்.மிலும் ஓய்வெடுக்கிறது. பத்து ரூபாயோ பேருந்து, பூக்கடை, மீன் சந்தை என்று ஒரே நாளில் பல கை மாறுகிறது. நான்காக மடிக்க மடிக்க மடிப்புக் கோட்டில் இழைகள் முறிகின்றன. அங்கே வியர்வையும் எண்ணெயும் ஏறித் தாள் தொய்கிறது. பிறகு அந்தக் கோட்டிலேயே கிழிகிறது. ஓராண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது. அமெரிக்காவிலும் 100 டாலர் நோட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் புழங்கும். 5, 10 டாலர் நோட்டுகள் ஆறு ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடும். 1994-95இல் 1, 2, 5 ரூபாய் நோட்டு அச்சடிப்பதை நிறுத்திவிட்டு நாணயத்துக்கு மாறியதற்கும் இந்தத் தேய்மானமே காரணம். அச்சடித்து மாளவில்லை.

கே: நோட்டுக் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கலாமா?

ப: கூடாது. ரிசர்வ் வங்கி 2001இலேயே வங்கிகளுக்குத் தடை போட்டுவிட்டது. பின்னைப் பிடுங்கும்போது ஓட்டை பெரிதாகும். கிழிசல் அங்கிருந்துதான் ஓடும். காகிதப் பட்டை போதும்.

கே: எலி கடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லுமா?
(இல்லத்தரசி, தேனி)

ப: கடையில் செல்லாது, வங்கியில் மாற்றலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது மிஞ்சிய பரப்பைப் பொறுத்தது. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், மிஞ்சியதில் பெரிய ஒற்றைத் துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழுத் தொகை. 40 முதல் 80 சதவீதம் வரை என்றால் பாதி. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. 20 ரூபாய் வரையுள்ள நோட்டுக்குப் பாதித் தொகை என்ற பேச்சே கிடையாது: பாதிக்கு மேல் இருந்தால் முழுசும் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வீட்டிலேயே அளக்கலாம். ஐந்நூறு ரூபாய் 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், மொத்தம் 99 சதுர செ.மீ. குறுக்கே நேராகக் கிழிந்திருந்தால் பெரிய துண்டு 12.2 செ.மீ. நீளம் இருக்கட்டும், முழுத் தொகை கிடைக்கும். எலி நேராகக் கடிக்காதே! கிராப் தாளில் வைத்து ஓரத்தை வரைந்து கட்டங்களை எண்ணுங்கள். 80 சதுர செ.மீ. தேறினால் கவலையில்லை. நோட்டு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தாலும் முழுத் தொகைதான். அதனால் சின்னத் துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வேறொரு நோட்டின் துண்டை ஒட்டிக் கொண்டுபோனாலும், வேண்டுமென்றே வெட்டியது தெரிந்தாலும் மறுத்துவிடுவார்கள்.

கே: பேனாவால் கிறுக்கிய நோட்டு செல்லாது என்கிறார்களே?

ப: வதந்தி. கிறுக்கலோ சாயமோ பட்டது அழுக்கு நோட்டுக் கணக்கில் சேரும். வங்கி வாங்கியாக வேண்டும். ஆனால் அரசியல் வாசகம் எழுதியிருந்தால் பணம் கிடைக்காது. அழுக்கு நோட்டுகளை ஒரு நாளைக்கு 20 எண்ணிக்கை, 5,000 ரூபாய் வரை கட்டணமின்றிக் கவுன்ட்டரிலேயே மாற்றலாம். அதற்கு மேல் போனால் ரசீது கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கில் வரவு வைப்பார்கள்.

கே: பிளாஸ்டிக் நோட்டு அடித்தால் என்ன?

ப: ஆஸ்திரேலியா 1988இலேயே அடித்துவிட்டது. இலங்கையும் 1998இல், சுதந்திரப் பொன்விழாவுக்கு, 200 ரூபாயைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. ஆனால் பிறகு தாளுக்கே திரும்பியது. நம்மூரில் கொச்சி, மைசூரு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நூறு கோடி பத்து ரூபாய் நோட்டுகளை விட்டுப் பார்க்கப்போவதாக 2014இல் அறிவித்தார்கள். கைக்கு வந்து சேரவில்லை. பிளாஸ்டிக் ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் ஓரத்தில் சிறு கீறல் விழுந்தால் சட்டென்று கிழியும், இஸ்திரிப் பெட்டிச் சூடு பட்டால் சுருங்கிப்போகும்.

கே: தீயில் கருகிய நோட்டுகள்?

ப: சாதாரணக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது. கருகியதைத் தட்டி உதறாமல், ஒட்டியதைப் பிரிக்காமல், அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அப்படியே கொண்டுபோங்கள். பொடியானால் அளக்க எதுவும் மிஞ்சாது.