நாவலைப் பூட்டிவிட்டுப் படம் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டத்தில் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தைத் திரையிட்டுப் பேசப்போகிறோம். விமர்சனம் எழுதும் பொறுப்பு என் தலையில். நாவலை இரண்டு முறை படித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், 'இது நாவலில் இருக்கிறது, படத்தில் இல்லை' என்று பட்டியலாகவே வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் நாவலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். படத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிய பிறகு எடுத்தால் போதும்.

உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டு நிலைக்கதவை வாங்கிப்போய்ப் புது வீட்டில் பொருத்துகிறார்களே, அங்கே போய் 'வளவு (நடுமுற்றம்) எங்கே, முகப்பு எங்கே' என்று கேட்போமா? கதவு புது இடத்தில் பொருந்தி நிற்கிறதா என்றுதான் பார்ப்போம். இன்னொன்று, 'ஜெயகாந்தனைச் சிதைத்துவிட்டார்கள்' என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதவே முடியாது. 1977இல் பீம்சிங் இயக்கிய இதற்குத் திரைக்கதை, வசனம் எழுதியவர் நாவலை எழுதிய ஜெயகாந்தனேதான். வெட்டியது அவர் கை.

நாவல் முழுக்க நாயகி கங்கா தனக்குள் பேசிக்கொண்டே போகிறாள். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது; கங்காவாக வரும் லட்சுமியின் முகம்தான் அதைச் சுமக்க வேண்டும். தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு அது. கங்காவும், அவளை அன்று காரில் ஏற்றிச் சென்று கெடுத்த பிரபுவும் பேசும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு முறை பாருங்கள். வசனம் இல்லாமலே எவ்வளவு புரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விமர்சனத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், படத்தில் வரும் எழுத்தாளர் ஆர்.கே.வி. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், காரில் ஏற்றிச் சென்ற ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகள் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி விஷயத்தை மூடிவிடுகிறாள். அப்படி மூடாமல் ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். படத்துக்குள் அந்தக் கதையை எழுதியவரான ஆர்.கே.வி.யாக வருபவர் நாகேஷ்! சிரிக்கவைத்தே பழகிய முகத்தை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள்? இதற்கு ஒரு பத்தி தாராளமாக ஒதுக்கலாம்.

'பழைய படம், அதனால் கறுப்பு வெள்ளை' என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். வண்ணப் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஆண்டு அது. மத்தியான வெயில் வளவில் விழ, ஓரத்து அறைகள் இருட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு நிழலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஆச்சி யாராவது அன்று தியேட்டரில் பார்த்திருந்தால், யார் பக்கம் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கதைச்சுருக்கமா? நாலு வரி போதும், எப்படியும் எல்லோரும் படம் பார்க்கத்தானே போகிறார்கள்.