மென்படலங்களில் ஒளி: கேள்வி பதில்

கேள்வி: சோப்புக் குமிழி உடைவதற்குச் சற்று முன் அதன் உச்சி கறுப்பாகிறதே, ஏன்?

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். நீர் வடிய வடிய உச்சியில் படலம் மெலிகிறது. கறுக்கும் நேரத்தில் தடிமன் 30 நானோமீட்டருக்கும் குறைவு. பச்சை ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 550. முன்பரப்பில் திரும்பும் அலையும் பின்பரப்பில் திரும்பும் அலையும் கிட்டத்தட்ட ஒரே தூரம் செல்கின்றன. அப்படியானால் பளிச்சென்று தெரிய வேண்டாமா? வேண்டாம். ஒளிவிலகல் எண் (ஒளி ஓர் ஊடகத்தில் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதன் அளவு) கூடிய ஊடகத்தின் எல்லையில் பட்டுத் திரும்பும் அலை தலைகீழாகிறது, முகடு அகடாகிறது. காற்றிலிருந்து வந்து நீரில் மோதும் அலைக்கு இது நேர்கிறது. நீருக்குள்ளிருந்து காற்றின் எல்லையில் மோதும் அலைக்கு நேர்வதில்லை. ஒன்றின் முகட்டில் மற்றதன் அகடு விழ, எல்லா நிறங்களும் ஒருசேர அணைகின்றன.

எல்லோருக்கும் சொல்கிறேன்: சூத்திரத்தைத் தொடுமுன் எல்லைகளை வரையுங்கள், எங்கே அலை தலைகீழாகிறது என்று குறியுங்கள்.

கேள்வி: மயில் தோகையின் நிறமும் இதுதானா?

பதில்: அங்கே இருப்பது ஒற்றைப் படலம் அல்ல, ஒழுங்காக அடுக்கிய மெலனின் கோல்கள். உயிரியற்பியல் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒளி திரும்புவதைக் குறைக்க லென்ஸில் பூசும் மக்னீசியம் புளோரைடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

பதில்: படலத்துக்குள் ஒளிக்கு உள்ள அலைநீளத்தில் கால் பங்கு. ஒளிவிலகல் எண்கள்: காற்று 1, படலம் 1.38, கண்ணாடி 1.52. இரண்டு எல்லைகளிலும் அலை தலைகீழாவதால் அந்த விளைவு ஈடாகிவிடுகிறது. போய்வரும் தூரம் மட்டுமே கணக்கு; அது அரை அலைநீளம் ஆவதால் முகட்டில் அகடு விழுகிறது. 550 நானோமீட்டர் ஒளிக்குச் சுமார் 100 நானோமீட்டர்.

கேள்வி: நீர்மேல் மிதக்கும் எண்ணெயும் கால் பங்கு தடிமனில் ஒளியை அணைக்குமா?

பதில்: எல்லைகளை வரைந்தீர்களா? எண்ணெயின் ஒளிவிலகல் எண் நீரைவிடக் கூடுதல். மேலே மட்டும்தான் தலைகீழ். கால் பங்கில் அந்த நிறம் மிகப் பிரகாசமாகத் தெரியும்.

கேள்வி: லென்ஸில் அழிந்த ஒளி வெப்பமாகிவிடுகிறதா?

பதில்: இல்லை. முகட்டில் அகடு விழுந்து அலைகள் அணைவதற்கு வைத்த ‘அழிவுக் குறுக்கீடு’ என்ற பெயர்தான் இந்தக் குழப்பத்தை விதைக்கிறது. எதுவும் அழியவில்லை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும்; பூசினால் 1.3 சதவீதம். மிச்சம் லென்ஸுக்குள் போகிறது.

கேள்வி: ஏற்க முடியவில்லை. அலைகள் திரும்பிய பிறகுதானே சந்திக்கின்றன? திரும்பிவிட்ட ஒளி மறுபடி எப்படி உள்ளே போகும்?

பதில்: இன்று வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஒளி வந்து விழும் முதல் கணத்தில் முன்பரப்பு அதைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. அப்போது அணைப்பதற்கு இரண்டாம் அலை இல்லை. உள்ளே போன அலை படலத்தைக் கடந்து திரும்ப ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ வினாடி (வினாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) ஆகிறது. அலை பாதித் துடிப்பை முடிக்கும் நேரம் அது. அதன்பின் முன்பரப்பில் வெளியலையும் உள்ளலையும் ஓயாமல் சந்திக்கின்றன. எவ்வளவு திரும்ப வேண்டும், எவ்வளவு உள்ளே செல்ல வேண்டும் என்பது அந்தச் சந்திப்பிலேயே அமைகிறது. திரும்பிய ஒளி எதுவும் மறுபடி உள்ளே நுழையவில்லை. இனி வரும் ஒளி குறைவாகத் திரும்புகிறது.

கேள்வி: கண்ணாடிமேல் நீர்ப்படலம் இருந்தால் கால் பங்கில் என்ன ஆகும்?

பதில்: 1, 1.33, 1.52. எல்லைகளை வரையுங்கள்.