ஹீட்டர் கோரை மாற்றும் முன் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் வசிக்கிறேன். 2001ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப் ஒன்றைச் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கினேன். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். குளிர் மைனஸ் 15ஐத் தாண்டினால் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது, டாஷ்போர்டைக் கழற்றி மாற்ற 1,800 டாலர் ஆகும் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஹீட்டர் கோர் என்பது எஞ்சினில் சூடான கூலன்ட் (குளிர்விப்புத் திரவம்) ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர். அது அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கூலன்ட் குறைந்தாலும், தெர்மோஸ்டாட் பழுதானாலும், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கதவு உடைந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எது காரணம் என்று பிரித்தறிய ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானியும் ஒரு மணி நேரமும் போதும்.

சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் மிகக் குறைவாகவே எரிபொருள் எரிக்கிறது. உள்ளே இழுக்கும் காற்றோ ஏராளம். கடும் குளிரில் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால், குறையே இல்லாத வண்டியும் சரியாகச் சூடேறாது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

அதற்கு முன், காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்ட் கழுத்துவரை நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ரிசர்வ் டப்பாவை நம்பக் கூடாது; மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். கூலன்ட் குறையும்போது காற்று போய்த் தங்கும் இடங்களில் ஹீட்டர் கோரும் ஒன்று. நிரப்பும்போது கூலன்டும் வாலைவடிநீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சில நாளில் மறுபடி குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

இனி ஹோஸ்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில், பயணி உட்காரும் பக்கம் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போகும். ஓட்டிவிட்டு வந்து, ஹீட்டர் முழுச் சூட்டிலும் விசிறி முழு வேகத்திலும் இருக்க, இரண்டையும் அளந்து பாருங்கள். வெப்பமானியை ரப்பர் மீது காட்டுங்கள். பளபளக்கும் உலோகக் குழாய் தப்பான அளவு காட்டும். கையும் சட்டையும் பெல்ட்டிலோ விசிறியிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்து, டாஷ்போர்டில் வெப்ப முள்ளும் தாழ்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மீதுதான் சந்தேகம். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது. இந்த எஞ்சினுக்கு உரியது 88 டிகிரியில் (190 ஃபாரன்ஹீட்) திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் முள் இறங்கி, மேடு ஏறும்போது மட்டும் உயர்ந்தால் ஏறக்குறைய உறுதி. இன்னொரு அடையாளம்: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடேறும், நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் எஞ்சின் சூடாகும்வரை அது குளிர்ந்தே இருக்கும். கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சினால் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். புதிதையும் பொருத்தும் முன் அப்படியே சோதியுங்கள். மலிவான தெர்மோஸ்டாட்கள் புதிதாக இருக்கும்போதே சரியாக மூடாமல் போவதுண்டு. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஒரு ஹோஸ் நல்ல சூடு, மற்றது 25 டிகிரிக்கு மேல் குறைவு என்றால் கராஜ் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் கோரை உடனே மாற்ற வேண்டியதில்லை. எதிர்த்திசையில் கழுவிப் பாருங்கள். எஞ்சின் ஆறியபின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் வாய் வழியாகத் தோட்டக் குழாய் நீரை மெதுவாக உள்ளே விட்டு, மறு வாயைத் திறந்தே வையுங்கள். குழாயை முழு வேகத்தில் திறந்தால் பழைய கோர் பிளந்துவிடும். பிறகு 1,800 டாலர் வேலை நிஜமாகவே வந்து சேரும். துருவும் சேறும் வந்து, நீர் தெளியும்வரை விடுங்கள். உள்ளே தங்கும் நீர் உறையாதபடி சூடான கராஜுக்குள் செய்யுங்கள். வெளியேறும் கூலன்டை வாளியில் பிடியுங்கள். அது இனிக்கும் நஞ்சு. நாய், பூனை நக்கினால் செத்துப்போகும். முந்தைய உரிமையாளர் கசிவை அடைக்கும் பொடி ஊற்றினாரா என்றும் கேளுங்கள், கோரை அடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு ஹோஸும் நல்ல சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் கோரைத் தொடவே வேண்டாம். 1994 முதல் 2002 வரையிலான ராம் பிக்கப்களில், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளெண்ட் டோர் என்ற பிளாஸ்டிக் கதவு அதன் அச்சில் உடைவது தெரிந்த கோளாறு. அந்தக் கதவைத் திருப்பும் மோட்டாரின் சத்தம் கேட்கும், காற்றின் சூடு மாறாது. டாஷ்போர்டைக் கழற்றாமல் குளோவ் பாக்ஸ் வழியாகப் பொருத்தும் உலோகக் கதவுகள் விற்பனைக்கு உண்டு.

காற்று கால்பக்கம் வராமல் முன்கண்ணாடிக்கே போனால் அது வேறு விஷயம்: காற்றின் திசையை மாற்றும் கதவுகளை இயக்கும் வேக்குவம் (வெற்றிட) குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

கராஜுக்குத் திரும்பப் போனால் இரண்டு ஹோஸ்களின் வெப்ப அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2002 இன்படி வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். கோர் அடைத்திருந்ததா என்று அறுத்தே பார்த்துவிடலாம். தொழிலுக்காக ஓடும் வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பனி வாரும் ஒப்பந்த வேலைக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கோடையில் பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறேன். ஹீட்டர் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நடு வென்ட்டில் சமையல் வெப்பமானி ஒன்றைச் செருகுங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் நல்லது. பயணி பக்கக் கம்பளத்தைக் கையால் அழுத்துங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் கோர் கசிகிறது. பானெட்டைத் திறந்து ஹீட்டர் ஹோஸ்கள் பின்சுவருக்குள் போகின்றனவா என்றும் பாருங்கள். உள்ளே போகாமல் ஒன்றோடொன்று இணைத்து வளைத்துவிட்டிருந்தால், கசியும் கோரைச் சரிசெய்யாமல் துண்டித்துவிட்டு விற்கிறார்கள். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.