புதிய தொலைநோக்கிக் கருவி பற்றிய உரையை எப்படிக் கேட்பது?

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். வானியற்பியல் ஆராய்ச்சி உரைகளை இணையத்தில் தொடர்ந்து கேட்டு வருகிறேன். கோள் கண்டுபிடித்தோம், கருந்துளைகள் மோதுவதைப் பதிவு செய்தோம் என்கிற உரைகள் ஓரளவு பிடிபடுகின்றன. புதிய நிறமாலைமானி, புதிய கேமரா என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பிடி விட்டுப்போகிறது. ஸ்லைடுகள் ஓடுகின்றன, எது முக்கியம் என்றே தெரியவில்லை. எப்படிக் கேட்க வேண்டும்? முடிவில் ஒரு கேள்வி கேட்கவும் ஆசை.

பதில்: கருவி பற்றிய எந்த உரையாக இருந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவீட்டுக்கு இதுவரை குறுக்கே நின்ற பிழை எது? ‘இன்னும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும்’ என்று யாரும் பல வருடம் உழைத்து ஒரு கருவியைக் கட்டுவதில்லை. ஏதோ ஓர் அளவீடு எங்கேயோ முட்டி நின்றிருக்கும். அது எங்கே முட்டியது என்று தெரிந்துவிட்டால், கண்ணாடி, ஃபைபர், குளிர்விப்பான் எல்லாம் எதற்கு வந்தன என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். கோள் சுற்றும்போது அதன் நட்சத்திரமும் லேசாக ஆடும். அந்த ஆட்டம் நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் நகர்வாக, அதாவது அவற்றின் அலைநீளம் லேசாக மாறுவதாகத் தெரியும். 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் கோளைக் கண்டுபிடித்தபோது அந்த நட்சத்திரம் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்களிடம் இருந்த எலோடி நிறமாலைமானியின் (ஒளியை அலைநீளங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) துல்லியம் நொடிக்கு 13 மீட்டர் அளவில். அந்தக் கோளுக்கு அது போதும். ஆனால் வியாழன் நம் சூரியனை ஆட்டுவது நொடிக்கு 12.5 மீட்டர்தான், பூமி ஆட்டுவதோ வெறும் 9 சென்டிமீட்டர்.

2003-ல் சிலியின் லா சில்லா வானாய்வகத்தில் வந்த ஹார்ப்ஸ் நிறமாலைமானி, நொடிக்கு 1 மீட்டர் என்ற துல்லியத்தைத் தொட்டது. இந்த எண்ணை, ஒளியைப் பதிவு செய்யும் டிடெக்டரின் மேல் வைத்துப் பாருங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு நிறமாலைக் கோடு நகர்வது, ஏறக்குறைய ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றழுத்தம் 1 மில்லிபார் மாறினாலே காற்றின் ஒளிவிலகல் எண் மாறி, கோடுகள் நொடிக்கு 80, 90 மீட்டர் வேகத்துக்கு ஈடாக நகர்ந்துவிடும். தேடும் சிக்னலைவிடப் பல மடங்கு பெரிய பொய் நகர்வு! அதனால்தான் நிறமாலைமானியை அப்படியே வெற்றிடத் தொட்டிக்குள் வைத்தார்கள். வெப்பநிலையை ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்குக்குள் பிடித்து நிறுத்தினார்கள். உரையில் அந்த உருளைத் தொட்டியின் படம் வரும்போது இது நினைவில் இருந்தால், அதை வெறும் பொறியியல் விவரம் என்று தாண்டிப் போக மாட்டீர்கள்.

அடுத்து சிலியின் பரானல் வானாய்வகத்தில் எஸ்ப்ரெசோ நிறமாலைமானி வந்தது. குறி நொடிக்கு 10 சென்டிமீட்டர். கருவியின் பிழை இவ்வளவு இறங்கியதும் அடுத்த தடையாக நட்சத்திரமே வந்து நிற்கிறது. அதன் மேற்பரப்பில் கொதித்து எழும் வாயுவும், கரும்புள்ளிகளும் கோடுகளை நொடிக்கு மீட்டர் கணக்கில் அசைக்கின்றன. ஆகவே ஆரத்திசை வேகம் (நட்சத்திரம் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) பற்றிய இன்றைய உரைகளில் பாதி நேரம் நட்சத்திரத்தின் நடத்தையைப் பற்றியே போனால், பேசுபவர் தலைப்பை விட்டு விலகிவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

இப்போது எரர் பட்ஜெட் ஸ்லைடு, அதாவது எந்தக் காரணத்தால் எவ்வளவு பிழை வருகிறது என்ற பட்டியல். எழுத்து சிறியது, அட்டவணை பெரியது. பெரும்பாலோர் கவனம் சிதறும் இடம் இது. என்னைக் கேட்டால் உரையின் இதயமே இதுதான். தொடர்பில்லாத பிழைகளை நேராகக் கூட்டக்கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஃபைபரால் 40, அளவுத்திருத்தத்தால் 30, ஃபோட்டான் எண்ணிக்கையால் 20, வெப்பநிலையால் 10 என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நொடிக்குச் சென்டிமீட்டரில். மொத்தம் 55 வரும். வெப்பநிலைப் பிழையை முழுக்க ஒழித்தாலும் 54-தான். ஃபைபர் பிழையைப் பாதியாக்கினால் 42-க்கு இறங்கும். பட்டியலின் உச்சியில் இருக்கும் வரியில்தான் அந்தக் குழுவின் உழைப்பெல்லாம் போயிருக்கும் என்பது இதிலிருந்தே புரியும். உங்கள் கண்ணும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அப்புறம், ஒரே எண் நான்கு விதமாக வரும்: தேவை, இலக்கு, ஆய்வகத்தில் அளந்தது, வானத்தில் அளந்தது. பேச்சின் வேகத்தில் இவை ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த வகை என்று ஒரு எழுத்துப் போட்டு வையுங்கள். ‘முதல் ஒளி’ (கருவி முதன்முறையாக வானத்தைப் பார்த்தது) என்று அறிவித்துவிட்டாலும் கருவி தயார் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு சோதனை ஓட்டம் மாதக்கணக்கில் நடக்கும்.

சுருக்கப் பெயர்களுக்கு அஞ்ச வேண்டாம், விட்டுவிடலாம். பதிலாக ஒளி போகும் பாதையைக் கோடாக வரைந்துகொண்டே கேளுங்கள்: வானம், தொலைநோக்கி, ஃபைபர், நிறமாலைமானி, டிடெக்டர். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஒளி போய்விடும். 80 சதவீதம், 80, 60, 40, 90 என்று ஐந்து சுமாரான எண்களைப் பெருக்கினாலே மிஞ்சுவது 14 சதவீதம்தான்.

முடிவில் என்ன கேட்பது என்பதற்கு வருவோம். தென் துருவத்தில் இருந்த பைசெப்-2 தொலைநோக்கியின் குழு 2014 மார்ச்சில் ஆதிப் பிரபஞ்சத்தின் ஈர்ப்பலைத் தடயம் கிடைத்தது என்று அறிவித்தது. டிடெக்டர்கள் அருமையானவை, நுண்ணலைப் பின்னணியின் (ஆதிப் பிரபஞ்சத்திலிருந்து மிஞ்சிய ஒளி) முனைவாக்கத்தை, அதாவது அதன் அலைகள் அதிரும் திசையை, நன்றாகவே அளந்திருந்தன. ஆனால் அளந்தது ஒரே அதிர்வெண்ணில், 150 கிகாஹெர்ட்ஸில். நம் பால்வீதியின் தூசும் அதே மாதிரி முனைவாக்கத்தைத் தரும். பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்து 2015-ல் ஆராய்ந்தபோது, தூசைக் கழித்தபின் ஈர்ப்பலைக்கு உறுதியான ஆதாரம் மிஞ்சவில்லை. ஆகவே கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், ‘இதே சிக்னலை வேறு எது உண்டாக்கும், அதை எப்படிப் பிரிக்கிறீர்கள்?’ என்பது எப்போதும் நியாயமான கேள்வி. இன்னொன்று: ‘எரர் பட்ஜெட்டில் பெரிய வரி எது, அதை வானத்தில் அளந்துவிட்டீர்களா?’ இரண்டில் ஒன்றைச் சுருக்கமாகக் கேளுங்கள். கருவி கட்டியவர்கள் மகிழ்ந்து பதில் சொல்லும் கேள்விகள் இவை.

உரை முடிந்தபின் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய ஆய்வகங்கள் தங்கள் கருவிகளுக்கு எக்ஸ்போஷர் டைம் கால்குலேட்டரை (எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும் என்று கணக்கிடுவது) இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் கொடுத்து, மாக்னிட்யூட் என்ற பிரகாச அளவில் ஒவ்வொரு படியாக மங்கவைத்து, அதே சிக்னல்-நாய்ஸ் விகிதத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று குறியுங்கள். பிரகாசமான நட்சத்திரங்களில் ஒவ்வொரு படிக்கும் நேரம் சுமார் 2.5 மடங்கு ஏறும். வானத்தின் பின்னணி ஒளி மேலோங்கியதும் அதே ஒரு படிக்கு 6 மடங்குக்கு மேல் ஏறும். அந்த மாற்றம் எந்த மாக்னிட்யூடில் வருகிறது என்று கண்டுபிடித்து, பேசியவர் தேர்ந்தெடுத்த நட்சத்திரங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல் ஏன் அங்கே நின்றது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும்.